ஐம்பதில் பதினேழு

1

ஸ்டூடியோக்காரன் ஒருவழியாக ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். என் அறுபதாம் சாந்தி முடிந்து வருடம் திரும்பிவிட்டது. கேட்டால், "டிசைனர் சொந்த ஊரு பத்து பகாட்டுக்கு ஓடிட்டான் அங்கிள்" என்கிறான். எங்கள் ஸ்கூடாயில் படம் எடுக்கிறவனுக்கெல்லாம் பத்து பகாட்டில் ஒரு டிசைனர் இருக்கிறான். அவன் ஓடுவதும் எப்போதும் நம் ஆல்பத்தின்போதுதான்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் என் இடது கை மேலே தூக்கியிருக்கிறது. ஓமத்தில் நெய் விடும்போது, மாலை மாற்றும்போது, பெரியவர்கள் காலில் விழும்போதுகூட! உடம்பு கீழே கிடக்கிறது, கை மட்டும் மேலே நிற்கிறது. மெல்பர்னிலிருந்து வந்திருந்த என் மகன் அருணாசலம் அன்றைக்கே காதோடு சொன்னான். "அப்பா, ப்ளீஸ், கையக் கீழ போடுங்க. டாக்ஸி கூப்பிடற மாதிரி இருக்கு."

அவனுக்கு என்ன தெரியும்? தாத்தாவைப் 'பெரிய அப்பா' என்று மொழிபெயர்த்துப் பேசுகிற பிள்ளை. கலசத்தைக் காட்டி "இந்த பிராஸ் 'பாட்'டை யாரு ரிட்டர்ன் பண்ணணும்?" என்று கேட்டவன்.

என் மனைவி அழகம்மை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழு ஆல்பத்தையும் பார்த்தாள். ஒரு படத்தில் மட்டும் நெடுநேரம் நின்றாள். "நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. கானாடுகாத்தான் பக்கம் பிறந்தவன். கணக்கு எழுத மலேசியாவுக்கு, இந்த ஜொகூருக்கு வந்து, பிறகு சொந்தமாகத் தொழில் வைத்தேன். தெப்ராவ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ரப்பர் வளையம், வாஷர், சீல் கொடுக்கிறேன். குழாயில் தண்ணீர் ஒழுகக் கூடாது, இயந்திரத்துக்குள் தண்ணீர் புகக் கூடாது, அதற்கான சாமான்கள். இந்த விவரத்தை மறக்காதீர்கள். என் வயிற்றெரிச்சலுக்கு இது முக்கியம்.

2

அந்தக் கையில் இருந்தது ஒரு கடிகாரம். ஸ்விட்சர்லாந்தில் ஒரு சின்னப் பட்டறையில் செய்தது. மொத்தம் ஐம்பதுதான் செய்தார்கள். அதற்குமேல் செய்ய மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. தேதி காட்டாது, கிழமை காட்டாது, இருட்டில் தெரியாது. வினாடி முள்கூடக் கிடையாது. வெள்ளை முகம், இரண்டு நீல முள், கறுப்பு முதலைத் தோல் வார், அவ்வளவுதான். சட்டைக் கைக்குள் நழுவிப் போகிற அளவுக்கு மெல்லிசு. கோட்டு சூட்டோடும் விசேஷ உடைகளோடும் கட்டுவதற்கென்றே செய்கிற ஜாதி. கை கழுவுவதற்குக்கூடக் கழற்றி வைக்க வேண்டும். அந்த வெள்ளை, பெயின்ட் அல்ல. கண்ணாடிப் பொடியைத் தூவி உலையில் திரும்பத் திரும்பச் சுட்டு எடுத்தது. காலையில் சாவி கொடுக்கும்போது பல் பல்லாக ஏறுவது விரல் நுனியில் தெரியும். அதற்கு நான் கொடுத்த மரியாதையில் கால்வாசி சாமிக்குக் கொடுத்ததில்லை.

ஆனால் இதெல்லாம் வெளியே சொல்கிற காரணங்கள். சேகரிக்கிறவன் நான்கு பேர் நடுவில் சொல்லிக்கொள்வது. உள்ளே இருக்கிற காரணம் பின்பக்கம் பொறித்த எண்தான். என்னுடையது ஐம்பதில் பதினேழு. ஐம்பது பேரிடம் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. மற்ற எவனிடமும் இல்லை என்று பொருள். பக்கத்து இலைக்காரன் பட்டினி கிடந்தால்தான் என் சோறு ருசிக்கும் என்கிற சங்கதி. கேட்கக் கேவலமாக இருக்கிறதா? இருக்கட்டும். ருசி ருசிதானே.

பட்டினி கிடக்க எனக்கு ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டியிருந்தது. என் சகலை பழனியப்பன். அழகம்மையின் அக்காளைக் கட்டியவர். சிங்கப்பூரில் கப்பல் சாமான் வியாபாரம். தேவகோட்டையில் எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் ஏற்கெனவே பழைய மாப்பிள்ளை. தங்க வாட்சோடு வந்து நின்றார். என் கையில் இருந்தது சிநேகிதனிடம் இரவல் வாங்கியது. அது ஓடாது. மணவறையில் வைத்து, ஊரே கேட்க, "மாப்பிள்ளை, நல்ல நேரம் போயிறப் போகுது, மணி என்ன?" என்றார். நான் கையைப் பார்த்தேன். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து எதற்கென்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கே கண்டாலும் அதே கேள்விதான். துக்க வீட்டில், விமான நிலையத்தில், என் கடைத் திறப்பு விழாவில். "என்ன சகலை, மணி என்ன?" ஒவ்வொரு தடவையும் எனக்கு மூஞ்சி செத்துப்போகும். நான் கடிகாரம் சேர்க்கத் தொடங்கியது கலையார்வத்தால் என்று கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம்பியதுபோலத் தலையாட்டினார்கள்.

இந்த ஐம்பதில் ஒன்றுக்குச் சகலையும் பெயர் கொடுத்திருந்தார். அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது.

3

ஜொகூரில் எங்களைப் போன்ற பைத்தியங்கள் சிலர் உண்டு. ஞாயிறு காலையில் கமால் பாயின் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். கமால் பாயின் பூர்வீகம் கீழக்கரை. தே தாரிக் டீ ஆற்றுகிற கடைக்குள்ளே தனியாக ஒரு குளிர் அறை வைத்திருக்கிறார். மேசையில் பச்சை வெல்வெட் துணியை விரித்து, கழற்றி வரிசையாக வைத்து, ஒருவர் வாட்சை ஒருவர் பாராட்டிக்கொண்டே மனதுக்குள் வைவோம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கடை கூப்பிட்டால் போக வேண்டும். அவர்கள் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில். வேறு நாள் கேட்கக் கூடாது, தள்ளுபடி கேட்கக் கூடாது, எதுவுமே கேட்கக் கூடாது. கேட்கிறவன் தகுதியில்லாதவன். அவன் பெயருக்குக் கீழே காத்திருக்கிறவனுக்கு வாட்ச் போய்விடும். எழுதி வைக்காத சட்டம், ஆனால் எங்களில் யாரும் மீறியதில்லை.

சிங்கப்பூர்க் கடையிலிருந்து அழைப்பு வந்தது. இன்ன செவ்வாய்க்கிழமை வந்து பெற்றுக்கொள்ளும்படி. என் சாந்தி அதே வாரம் வியாழன்.

அழகம்மைக்கு வாழ்க்கையில் ஆசை என்று வாய்விட்டுக் கேட்டது குறைவு. நகை கேட்டதில்லை, வீடு மாற்றக் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். சாந்தியைத் திருக்கடையூரில் வைக்க வேண்டும். அதற்கு அந்த வாரத் தொடக்கத்திலேயே ஊரில் இருந்தாக வேண்டும். அவளுடைய ஆத்தா தேவகோட்டையில் இருந்தார். மூச்சுக்கோளாறு, விமானம் ஏறக் கூடாது. ஆனால் காரில் படுக்க வைத்துத் திருக்கடையூருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"ஆத்தா என் மொதத் திருப்பூட்டைப் பாக்கலைங்க" என்றாள். உண்மைதான். எங்கள் கல்யாணத்தன்று அவர் அம்மை போட்டுத் தனி அறையில் கிடந்தார். மகள் கழுத்தில் திருப்பூட்டியபோது மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதையாவது பாத்துட்டுப் போறேன்னு சொல்லுது. திருக்கடையூர்ல வச்சிருவோம்."

"செவ்வாய்க்கிழமை நான் சிங்கப்பூர்ல இருக்கணும்."

"நட்சத்திரத்தை மாத்த முடியாதுல்ல. கடைத் தேதிய மாத்தலாம்ல? கேட்டுப் பாருங்களேன்."

"உனக்குப் புரியாது. கேட்டாப் போயிரும். அடுத்தவனுக்குக் குடுத்துருவான்."

கமால் பாயிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவர் பதறிப்போனார். "அலமாக்! செட்டியாரே, கேக்கப்படாது லா! ஒங்க பேர வெட்டிட்டு ஒங்க சகலைக்குக் குடுத்தான்னா என்ன செய்வீங்க?"

அந்தக் கடைசி வார்த்தை போதும். ஸ்கூடாயில் ஒரு மண்டபம் பேசினேன். அழகம்மை இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆத்தாவுக்குப் போனில் காட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

4

செவ்வாய்க்கிழமை கடையில் எனக்கு வெள்ளைக் கையுறை போட்டுவிட்டார்கள். எலெய்ன் என்கிற சீனப் பெண், பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மகன் பிறந்தபோது வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை.

திரும்பும்போது ஜொகூர் சோதனைச் சாவடியில் முறைப்படி சொல்லிவிடுவோம் என்று அதிகாரி முன்னால் நின்றேன். முறையும் ஒரு காரணம்தான். யாராவது ஒருவர் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அந்த மலாய்ப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "பாகாய் பாத்தெரி கே, அங்கிள்?" என்றான். பேட்டரியில் ஓடுகிறதா என்று கேட்கிறான்! படுபாவி. அப்புறம் ஒரு தாளில் என்னவோ முத்திரை குத்தி, போ என்று கையைக் காட்டினான்.

வியாழன் காலை மண்டபத்தில் ஐயர் முதல் தடையைப் போட்டார். "தோல் வார் ஆகாது. கழட்டி வச்சிடுங்கோ."

"மாட்டுத்தோல் இல்ல சாமி, முதலை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாஸ்திரத்தில் முதலையைப் பற்றி அவருக்கு உடனே எதுவும் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது, மந்திரத்தைத் தொடர்ந்தார்.

கழற்றி வைத்திருக்கலாம் என்பீர்கள். யாரிடம்? மகன் அதைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பான். மண்டபத்து அறைக்குப் பூட்டு இல்லை. அதைவிட, கமால் பாய் மதிய வியாபாரத்துக்குத் திரும்ப வேண்டும், சீக்கிரம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சகலை. வந்ததிலிருந்து அவர் பார்வை என் மணிக்கட்டை விட்டு நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மணி கேட்கவில்லை. அந்தச் சுகத்தை எப்படிக் கழற்றி வைப்பது?

கலச நீர் ஊற்றும் நேரம் வந்தது. எங்களை மணையில் உட்கார வைத்து, சொந்தபந்தம் ஒவ்வொருவராக வந்து சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். நான் யோசித்து வைத்திருந்தேன். தலைக்குத்தானே ஊற்றுகிறார்கள், கையைப் பக்கவாட்டில் உயர்த்திவிட்டால் ஒரு சொட்டுப் படாது. அப்படியே செய்தேன். பங்காளிகள் ஊற்றினார்கள், பட்டுச்சட்டை தொப்பலாக நனைந்தது. வாட்ச் மட்டும் உலர்ந்து ஜொலித்தது.

கடைசியாகச் சகலை வந்தார். சொம்பு நிறைய மொண்டார். என் தலைக்கு நேரே வந்தவர், ஒரு கணம் தயங்கினார். பிறகு நுனிக்காலில் எக்கி நின்று, உயர்த்திய என் மணிக்கட்டில் நிதானமாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். மந்திரம் நடக்கிறது, எழுந்திருக்கக் கூடாது. முன்வரிசையில் கமால் பாய் "யா அல்லா" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது. நான் வாயைத் திறந்திருக்கிறேன், சகலை உதட்டைக் கடித்திருக்கிறார். எங்களுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் தண்ணீர் தெறித்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள். அழகம்மை மட்டும் கண்ணைத் திறந்து சொம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

5

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் கண்ணாடிக்கு உள்ளே மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் புகாத சீல் விற்கிறவன் நான்! அடுத்த நாள் முள் துடித்து நின்றது. உள்ளே எஃகு, துரு ஏறிவிடும் என்று எலெய்ன் பதறி, பட்டறைக்கே அனுப்பிவிட்டாள். ஒரு வருடம் ஆகும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெல்வெட் துணிக்கு முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். "என்ன செட்டியாரே, வாட்சுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டீங்கள்ல" என்று ஆரம்பித்தார் கமால் பாய். தண்ணீர் பட்ட வாட்ச் எங்கள் கூட்டத்தில் இழவு விழுந்த வீடு. திறந்து சரிசெய்தால் பழைய மதிப்பு வராது. ஒருவர்கூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நானும் இன்னொருவருக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

சகலையைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொறாமை பிடித்தவர், தனக்குக் கிடைக்காததை அழித்தவர், இனி என் வாசலை மிதிக்கக் கூடாது என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். "சரி சகலை" என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னது. அந்த 'சரி' என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

தை மாதம் அழகம்மையின் ஆத்தா போய்விட்டார். தேவகோட்டைக்குப் போனோம். துக்கத்துக்கு வந்த சகலை என் பக்கத்தில் வந்து நின்றார். ஊர் பார்க்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனேன். நன்றாக வேண்டும் என்றுதான் செய்தேன்.

அன்று சாயங்காலம் அழகம்மை என்னை மாடி அறைக்குக் கூப்பிட்டாள். ஆத்தாவின் அலமாரி திறந்து கிடந்தது.

"அத்தான அவமானப்படுத்தாதீங்க. அவரு மேல தப்பு இல்ல. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன ஊத்த?"

"தண்ணி. அன்னைக்குக் காலைல சமையக்கட்டுப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். தலைல ஊத்தாதீங்க அத்தான், அந்தக் கைல ஊத்துங்கன்னு. மொதல்ல முடியாதுன்னாரு. வாட்சு பாவம்மான்னாரு. நான் அழுதேன், அப்புறம்தான் சரின்னாரு."

வாட்சு பாவமாம். அந்தக் கூட்டத்தில் அதற்காகப் பரிதாபப்பட்டவர் அவர் ஒருவர்தான். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"ஏண்டி?" என்றேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளிக் கை. உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அந்த உறுப்பை வெள்ளியில் செய்து மாரியம்மனுக்குப் போடுவார்களே, அது.

"போன்ல சாந்திய ஆத்தாவுக்குக் காட்டுனாங்கள்ல. திருப்பூட்டுற நேரத்துல உங்க தூக்குன கை மறைச்சிருச்சு, என் கழுத்தே தெரியலையாம். அதப் பத்தி ஆத்தா ஒண்ணும் சொல்லல. மாப்பிள்ளைக்குக் கையில என்னடி, மடக்க முடியலையா, பாவம்னு கேட்டுச்சு. ஆமா ஆத்தான்னேன். வேற என்னங்க சொல்றது? உங்க கை நல்லாகணும்னு நேந்துக்கிட்டு இத வாங்கி வச்சிருக்கு. கொண்டுபோய்ப் போடத்தான் முடியல."

கீழே சகலை யாருக்கோ காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் போகவில்லை. சொன்னவள் அவள் என்றாலும் ஊற்றியது அவர் கைதானே. எனக்கு அப்படித்தான் புத்தி போகிறது, என்ன செய்ய?

6

இந்த வாரம் என் நட்சத்திரப் பிறந்தநாள். தெப்ராவ் பக்கம் கோயிலில் அர்ச்சனை முடித்துவிட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வியாழக்கிழமை ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். அந்த வெள்ளிக் கையை அவளுக்கு அம்மன் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். "ஆத்தா நேந்துக்கிட்டது, கெடக்கப் படாது" என்கிறாள். பொட்டலம் அவள் மடியில் பையில் இருந்தது. வழக்கம்போல நெடுஞ்சாலையில் கார்கள் எறும்பாக ஊர்ந்தன.

போன் அடித்தது. காரின் ஸ்பீக்கரில்தான் வரும். எலெய்ன். உற்சாகமாகப் பேசினாள். கடிகாரம் பட்டறையிலிருந்து வந்துவிட்டதாம், புதிதுபோல இருக்கிறதாம், எண்ணும் அப்படியே இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வர முடியுமா?

வெள்ளிக்கிழமை நாங்கள் தேவகோட்டையில் இருப்போம். பக்கத்தில் அழகம்மை ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு கடையிடம் நான் கேட்காததைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை முடியாதும்மா. குடும்ப விஷயமா இந்தியா போறோம். வேற நாள்... கிடைக்குமா?"

"தாராளமா சார்!" அவள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் வாங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம், ஒண்ணும் அவசரமில்ல. உங்க பொருள்தானே, எங்க போயிடப் போகுது?"

அதோடு வைத்திருக்கலாம். அவளுக்கு நல்ல மனசு, மேலும் பேசினாள். "முதல் தடவைகூட நீங்க அவசர அவசரமா வந்தீங்க. ரெண்டு நாள்ல உங்க ஃபங்ஷன்னு அன்னைக்குத்தான் சொன்னீங்க. எனக்கே கஷ்டமா இருந்துச்சு சார். உங்க பேர் எப்பவோ பதிஞ்சாச்சு, வேற யாருக்கும் குடுக்க மாட்டோம். அந்தச் செவ்வாய்க்கிழமை சும்மா நாங்களா போட்ட தேதிதான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா எவ்வளவு நாள் வேணும்னாலும் வச்சிருந்திருப்போம்."

நன்றி சொன்னேனா என்று தெரியவில்லை. லைன் போய்விட்டது. முன்னால் இருந்த லாரி நகர்ந்தது, நானும் நகர்த்தினேன், மறுபடி நின்றோம். அழகம்மைக்கு இங்கிலீஷ் வராது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இத்தனை வருடம் ஜொகூரில் இருந்தவளுக்கு எல்லாம் புரியும்.

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மடியில் இருந்த பையின் வாயை இழுத்துக் கட்டினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் உங்ககிட்டக் கேட்டேன்லங்க."